டம்மி புத்தகத்திலேயே இருந்தது: தயாநிதா சிங்கின் மாணவப் பருவம், ஒரு நிகழ்வு ஆய்வு

போட்டோகிராபி படிக்க வருகிறவர்கள் இரண்டாம் வருடத்தைத் தொட்டதும் ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். என் ஸ்டைல் என்ன? கேமரா கைக்குப் பழகிவிட்டது, எக்ஸ்போஷர் பிடிபட்டுவிட்டது, ஆனால் எடுக்கிற படம் எல்லாம் யாரோ எடுத்தது போலவே இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் ஒருவருடைய மங்கிய பச்சை, இன்னொருவருடைய அடர் கறுப்பு என்று லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் கொஞ்ச நாள் போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு அதுவும் அலுத்துப் போகிறது. தேடுவதெல்லாம் படத்தின் மேல்பூச்சில்தான். அது வேறு எங்காவது இருக்கலாம் என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக்காட்ட எனக்குத் தெரிந்த நல்ல நிகழ்வு, இந்திய போட்டோகிராபர் தயாநிதா சிங் மாணவியாக இருந்தபோது செய்த ஒரு வேலையும் அதற்கு அப்புறம் நடந்தவையும்.

அவர் 1961ல் டெல்லியில் பிறந்தவர். 2022ல் புகைப்படத்துக்கான சர்வதேச விருதான ஹாசல்பிளாட் விருது பெற்றார். இன்று அவர் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருபவை விசிறி மடிப்புப் புத்தகங்கள், படங்களை மாற்றி மாற்றி அடுக்கக்கூடிய மரச் சட்டங்களாலான நகரும் 'மியூசியங்கள்'. அவருடைய ஸ்டைல் கறுப்பு வெள்ளையும் சதுரமும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பார்த்தால் அவருடைய கலர் வேலைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடும்.

அகமதாபாத்தில் ஒரு பயிற்சி

1980ல் அகமதாபாத்தில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் சேர்ந்தார். சுருக்கமாக என்ஐடி என்பார்கள், நம் திருச்சி என்ஐடி இல்லை. அவர் படித்தது விஷுவல் கம்யூனிகேஷன். அதில் போட்டோகிராபி பல பாடங்களில் ஒன்று. போட்டோகிராபர் ஆகவேண்டும் என்று போனவர் இல்லை அவர். வீட்டிலேயே ஒரு கேமரா இருந்தது, அது அம்மா நோனி சிங்கின் கையில் இருந்தது. எங்கே கிளம்பினாலும் குழந்தைகளை நிறுத்தி, ஃபிரேம் சரியாகும்வரை காக்கவைத்துப் படம் எடுக்கும் அம்மா. அப்படி நின்று நின்று அலுத்துப்போன குழந்தைக்குக் கேமரா மேல் பெரிய ஆசை வந்திருக்காது.

என்ஐடியில் கொடுத்த ஒரு பயிற்சி: ஒரே மனிதரின் வெவ்வேறு மனநிலைகளைப் படமெடுத்து வரவேண்டும். தயாநிதா தேர்ந்தெடுத்தது தபேலா கலைஞர் ஜாகிர் உசேனை. அப்போது ஜாகிருக்கு முப்பது வயதுதான். கச்சேரிக்குக் கேமராவோடு போனவரை ஏற்பாட்டாளர் தரப்பில் தடுத்தார்கள். தள்ளுமுள்ளில் எல்லோர் முன்னாலும் கீழே விழுந்தார். கச்சேரி முடியும்வரை வெளியே காத்திருந்து ஜாகிரிடமே போய், இன்று நான் ஒரு மாணவி, ஒரு நாள் பெரிய போட்டோகிராபர் ஆவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற பொருளில் சொல்லியிருக்கிறார். அந்தத் துணிச்சல் ஜாகிருக்குப் பிடித்துப்போனது. கூட வர அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையைப் பேட்டிகளில் அவரே பல முறை சொல்லியிருக்கிறார், கேட்கிறவர்களுக்கும் பிடித்த இடம் அந்த விழுதல்தான். எனக்கு அதைவிட அந்தப் பயிற்சியின் அமைப்பு முக்கியமாகப் படுகிறது. "ஒரு கச்சேரியைப் படமெடு" என்று சொல்லியிருந்தால் ஒரு சாயங்காலமும் இரண்டு ரோல் ஃபிலிமும் போதும். "ஒரே ஆள், பல மனநிலை" என்றதும் மேடை போதாமல் போகிறது. மேடைக்குப் பின்னால் போகவேண்டும், வீட்டுக்குப் போகவேண்டும், அவர் கோபமாக இருக்கும் நேரம், தூங்கி வழியும் நேரம், அப்பா அல்லா ரக்காவின் முன்னால் பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் வேண்டும். பயிற்சியே மாணவரை ஒரு உறவுக்குள் தள்ளிவிட்டது. பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய இடம் இது.

பஸ்ஸில் கற்றது

வட இந்தியாவில் கச்சேரிக் காலம் குளிர்காலம், நமக்கு மார்கழி மாதிரி. தயாநிதா ஆறு குளிர்காலங்கள் ஜாகிரோடும் மற்ற இந்துஸ்தானிக் கலைஞர்களோடும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார். பகலில் பயணம், இரவில் கச்சேரி, கச்சேரிக்குப் பிறகு விடிய விடியப் பேச்சு. ஜாகிர்தான் தன்னுடைய முதல் குரு என்று அவர் சொல்லிவந்திருக்கிறார். கற்றுக்கொண்டது ரியாஸ், அதாவது தினசரி சாதகம். வேறு எதையும் கண்ணில் படவிடாமல் ஒன்றையே செய்துகொண்டிருப்பது.

ஒரு போட்டோகிராபருக்கு இது நடைமுறையில் என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். 1980களில் கச்சேரி மேடை என்றால் மங்கலான டங்ஸ்டன் விளக்குகள். ஃபிளாஷ் போட்டால் மேடையிலிருந்தே முறைப்பார்கள். 400 வேக ஃபிலிமை இரண்டு ஸ்டாப் தள்ளி, அதாவது நான்கு மடங்கு ஒளியுணர்வு உள்ளது போல 1600 ஆக்கினாலும், ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு மேல் ஏறுவது கஷ்டம். அந்த வேகத்தில் தபேலாவில் ஓடும் விரல்கள் கரைந்து புகையாகிவிடும். ரோலில் 36 படம், முடிந்தால் மாற்ற வேண்டும், மாற்றிக்கொண்டிருக்கும்போது நல்ல இடம் போய்விடும். ஆகவே எப்போது அழுத்துவது என்பது காதால் தீர்மானிக்கவேண்டிய விஷயம். திஹாய் என்று ஒன்று வாசிப்பார்கள். ஒரே சொற்கட்டு மூன்று முறை வந்து, மூன்றாவதின் கடைசி அடி சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், சரியாக விழும், நம் மிருதங்கத்தில் மோரா வைத்து முடிப்பது போல. அந்தச் சமத்தில் கை ஒரு கணம் நிற்கும், தலை நிமிரும், பக்கத்தில் இருக்கும் சிதார் கலைஞரைப் பார்த்து ஒரு சிரிப்பு வரும். படம் அங்கே இருக்கிறது. தாளம் தெரியாதவர் அதற்கு முன்னும் பின்னும் ரோலைத் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆறு சீசன் கூடவே இருந்த ஒருவருக்கு அது காதில் ஏறாமல் இருந்திருக்க முடியாது.

அப்புறம் அந்தப் புத்தகம். என்ஐடி மாணவர்கள் படிப்பு முடிக்க ஒரு டிசைன் திட்டம் செய்யவேண்டும். தயாநிதா செய்தது ஜாகிரைப் பற்றிய ஒரு புத்தகத்தின் டம்மி, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்யும் மாதிரிப் படி. படங்களை வெட்டி ஒட்டி, ஜாகிரிடமும் மற்றவர்களிடமும் எடுத்த பேட்டிகளிலிருந்து வந்த வரிகளைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகக் கட்டியது. அதுதான் 1986ல் அச்சில் வந்தது. அவருடைய முதல் புத்தகம்.

இங்கே கவனியுங்கள். அவர் ஒப்படைத்தது மவுன்ட் போட்டு மாட்டும் பிரின்ட்களை அல்ல. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எங்கே முழுப் பக்கம், எங்கே வெறும் பக்கம் என்று முடிவு செய்த ஒரு பொருளை ஒப்படைத்தார். டிசைன் பள்ளி என்பதால் அது இயல்பாக நடந்தது. இதே மாணவி ஒரு கலைக் கல்லூரியில் இருந்திருந்தால் சிறந்த பன்னிரண்டு படங்களைப் பொறுக்கிச் சுவரில் மாட்டச் சொல்லியிருப்பார்கள்.

என் வாசிப்பில், பின்னால் அவருடைய ஸ்டைல் என்று உலகம் பேசப்போகிறவை இந்த டம்மியிலேயே இருந்தன. ஒரு மனிதரோடு வருடக்கணக்கில் கூடவே இருப்பது, படங்களைத் தாளக்கட்டு போல வரிசைப்படுத்துவது, கடைசியில் புத்தகமாக்குவது. அவருக்கு அது அப்போது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆசிரியர்களும் அதைப் பாடம் முடிந்ததற்கான அடையாளமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

வேலை வேறு பக்கம் இழுத்த காலம்

1987–88ல் நியூயார்க்கில் இன்டர்நேஷனல் சென்டர் ஆஃப் போட்டோகிராபியில் ஆவணப் புகைப்படமும் பத்திரிகைப் புகைப்படமும் படித்தார். திரும்பி வந்து வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வேலை செய்தார். பாம்பேயின் பாலியல் தொழிலாளர்கள், குழந்தைத் தொழிலாளர்கள், எய்ட்ஸ், வறுமை. நல்ல வேலைதான், காசும் வந்தது, பெயரும் வந்தது.

ஆனால் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு, பத்திரிகைக்கு எடுத்த எவருக்கும் தெரியும். போவதற்கு முன்பே படம் தயாராக இருக்கும், ஆசிரியர் தலைக்குள். அங்கே போய் அதற்குப் பொருத்தமான முகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவதுதான் போட்டோகிராபரின் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் இந்தியாவைத்தான் தானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தல் தயாநிதாவுக்குச் சில வருடங்களிலேயே வந்துவிட்டது. 90களின் நடுவில் அந்த வேலையிலிருந்து விலகினார். இதை ஸ்டைல் தேடல் என்று யாரும் அப்போது சொல்லியிருக்கமாட்டார்கள். வேலையை விட்டார், அவ்வளவுதான்.

மோனா கேட்டார், தயாநிதா ரோலைத் திருப்பிக் கொடுத்தார்

விலகுவதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்தது. 1989ல் லண்டன் டைம்ஸுக்காக டெல்லியின் ஹிஜ்ரா சமூகத்தை, அதாவது அங்குள்ள திருநங்கையரைப் பற்றிய ஒரு வேலை. பழைய டெல்லியில் மோனா அகமதுவைச் சந்தித்துப் படமெடுத்தார். படம் லண்டன் பத்திரிகைக்கு என்று தெரிந்ததும் மோனா பதறிப்போனார். அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், பார்த்துவிடுவார்கள். ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார்.

பத்திரிகைத் தொழிலின் கணக்கில் இது தோல்வி. வேலையை ஒப்புக்கொண்டு, எடுத்து முடித்து, கையில் இருந்த ரோலைக் கொடுத்துவிட்டு வருவது. ஆனால் ஜாகிர் வேலையின் கணக்கில் பார்த்தால் இது மிகச் சரியான முடிவு, ஏனென்றால் ஆள்தான் முதலில், படம் அப்புறம். மோனாவோடு நட்பு தொடர்ந்தது. 2001ல் அது ஒரு புத்தகமானது. அதன் எழுத்து மோனாவுடையது, பதிப்பாளருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். தன்னைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதை மோனாவே முடிவு செய்தார். 2017ல் மோனா இறக்கும்வரை அந்த நட்பு இருந்தது.

சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போகிற கேமராக் கூட்டத்தை ஒரு முறையாவது பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். ஒரு ராத்திரியில் மெமரி கார்டை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். தாலி அறுக்கும் நேரத்தில் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் லென்ஸ். அதில் நல்ல படமே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் அதே திருநங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற போட்டோகிராபர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

சொந்த வீட்டுக் கூடம்

பத்திரிகை வேலையை விட்டபின் அவர் எடுக்கத் தொடங்கியது தனக்குத் தெரிந்த குடும்பங்களை. நகரத்து மேல்நடுத்தர, மேல்தட்டு வீடுகள், அவர்களுடைய கூடங்கள், சோபாக்கள், சரவிளக்குகள், அம்மாவும் மகளும், தாத்தா படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பேரன்கள். இந்தியாவைப் படமெடுப்பது என்றாலே தெருவுக்குப் போவது என்றிருந்த காலத்தில் அவர் உள்ளே போனார். தான் எந்த வர்க்கத்திலிருந்து வந்தாரோ அதைப் பார்த்தார். 2004ல் வந்த 'பிரைவசி' புத்தகத்தில் இந்த வேலை இருக்கிறது.

அவர் கையில் இருந்த ஹாசல்பிளாட் கேமரா இதற்குத் தோதான கருவி. 120 ஃபிலிமில் 12 சதுரப் படம். கண்ணில் வைக்காமல் வயிற்றுப் பக்கம் பிடித்து, குனிந்து மேலிருந்து கண்ணாடியில் பார்த்து எடுப்பது. எதிரே இருப்பவருக்கு நம் முகம் மறைவதில்லை, பேச்சும் நிற்பதில்லை. தலை குனிந்திருப்பதால் மரியாதை போலக்கூட இருக்கும். சதுரம் அவருடைய ஸ்டைல் என்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நட்புக்கு இடம் கொடுக்கும் ஒரு கேமராவோடு சேர்ந்து வந்த வடிவம் அது.

கலர் வந்ததும் திட்டமிட்டு இல்லை. தொழிற்சாலைப் பகுதிகளில் எடுத்துக்கொண்டிருந்தபோது கறுப்பு வெள்ளை ஃபிலிம் தீர்ந்துபோய், இருந்த டேலைட் கலர் ஃபிலிமைப் போட்டார். அந்த ஃபிலிம் நண்பகல் வெளிச்சத்துக்குச் சமன்செய்யப்பட்டது. சூரியன் இறங்கியபின் வானத்திலிருந்து வரும் ஒளியில் நீலம் தூக்கலாக இருக்கும், நம் கண் அதைத் திருத்திக்கொள்ளும், ஃபிலிம் திருத்தாது. காட்சியெல்லாம் நீலமாக வந்தது. லேபில் திருத்தச் சொல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு அதையே தொடர்ந்தார். 'புளூ புக்' 2009ல் வந்தது, கிழித்து அனுப்பக்கூடிய அஞ்சலட்டைகளாக.

திரும்பவும் புத்தகம்

2007ல் 'கோ அவே குளோசர்' என்று ஒரு சின்னப் புத்தகம். நோட்டுப் புத்தக அளவு, உள்ளே எழுத்தே இல்லை. கட்டிலில் குப்புறப் படுத்திருக்கும் ஒரு சிறுமியின் படம் பலருக்கு நினைவிருக்கும். யார், எந்த ஊர், எந்த வருடம் எதுவும் இல்லை. முந்தைய பதினைந்து இருபது வருடங்களில் வெவ்வேறு வேலைகளுக்காக எடுத்தவை தலைப்புகளை உதறிவிட்டு ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பத்திரிகைப் படத்துக்கு முதுகெலும்பே கீழே இருக்கும் வரிதான். அதை எடுத்துவிட்டால் படம் பக்கத்துப் படத்தைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

அடுத்த வருடம் 'சென்ட் எ லெட்டர்'. ஒரு துணிப்பெட்டிக்குள் ஏழு குட்டி விசிறி மடிப்புப் புத்தகங்கள். அலகாபாத், பாம்பே, கல்கத்தா, தேவிகர், வாரணாசி என்று பயணம் போன இடங்களின் பெயர்கள். நம் பக்கத்துப் பெயரும் ஒன்று உண்டு, குமரி மாவட்டத்தின் பத்மநாபபுரம். ஏழாவது அம்மா நோனி சிங்கின் பெயரில், அம்மா எடுத்த படங்களோடு. சிறுவயதில் நின்று நின்று அலுத்த அந்தப் படங்கள்தான். இவை முதலில் விற்பனைக்காகச் செய்தவை இல்லை. ஒரு நண்பரோடு பயணம் போனால் ஒரு ரோலின் படங்கள் எல்லாம் சின்னதாக அச்சாகும் கான்டாக்ட் ஷீட்டிலிருந்து வெட்டி ஒட்டி ஒரு மடிப்புப் புத்தகம் செய்து அவருக்குக் கொடுப்பார், இன்னொன்றைத் தான் வைத்துக்கொள்வார். விரித்து ஒரு அலமாரியில் நிறுத்தினால் கண்காட்சி, மடக்கினால் சட்டைப்பையில் போய்விடும்.

என்ஐடியில் கத்தரியும் கோந்தும் வைத்துச் செய்த டம்மிக்கும் இதற்கும் இடையில் இருபது வருடம். அவர் தன் வடிவத்தைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதுவது வழக்கம். எனக்கு அது திரும்பி வந்ததாகத்தான் தெரிகிறது. இதற்கு அப்புறம் வந்தவை எல்லாம் இதே தண்டவாளத்தில்: 2013ல் அலுவலகக் கோப்புக் கட்டுகளைப் பற்றிய 'ஃபைல் ரூம்', 2014ல் 88 வெவ்வேறு அட்டைகளோடு வந்த 'மியூசியம் ஆஃப் சான்ஸ்', 2017ல் ஒன்பது மடிப்புப் புத்தகங்கள் கொண்ட 'மியூசியம் பவன்'. கடைசியாகச் சொன்னதற்கு அந்த வருடம் பாரிஸ் போட்டோ–அப்பர்ச்சர் விருதுகளில் ஆண்டின் சிறந்த புகைப்படப் புத்தகம் என்ற பரிசு கிடைத்தது.

இந்த நிகழ்வு எவ்வளவு தூரம் பொருந்தும்

அப்படியே எடுத்துப் பொருத்தக் கூடாத விஷயங்களும் இருக்கின்றன. ஆறு குளிர்காலம் ஒருவரோடு சுற்றுவதற்கு வீட்டில் யாரோ சாப்பாட்டுக்கும் ஃபிலிமுக்கும் பொறுப்பேற்க வேண்டும். கல்விக் கடன் தவணையும் வீட்டுப் பொறுப்பும் உள்ள மாணவருக்கு முகூர்த்த நாட்கள்தான் சீசன். மேல்தட்டு வீடுகளுக்குள் தயாநிதாவால் போக முடிந்ததற்கு அவரே அங்கிருந்து வந்தவர் என்பதும் காரணம். ஆங்கிலம், டெல்லி, நியூயார்க் எல்லாம் கூட வந்தன. அவருடைய பிடிவாதத்தைப் பாராட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், மாணவர்கள் தங்களிடம் இல்லாததைத் தங்கள் குறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

பொருந்துவது சின்ன விஷயம், செய்து பார்க்கக்கூடியது. கல்யாண வேலை செய்யும் மாணவர்கூட இரண்டு வருடப் படங்களைச் சின்ன பிரின்ட்களாக ஜெராக்ஸ் தாளில் எடுத்துத் தரையில் பரப்பலாம். கலரை, லென்ஸை மறந்துவிட்டு, எந்த ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன், எந்த வேலையை யாரும் கேட்காமலே நீட்டித்திருக்கிறேன், எந்தப் படத்தைக் கொடுத்துவிடச் சொன்னால் கொடுத்துவிடுவேன் என்று பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டாரைவிடச் சமையல்காரர்களின் படம்தான் அதிகம் இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரியவந்தால், அடுத்த முகூர்த்தத்தில் அதிகாலை மூன்று மணிக்கே கோட்டை அடுப்புப் பக்கம் போய் நிற்பதற்கு அது போதுமான காரணம்.

ஜாகிர் டம்மியின் நகல் பதிப்பு 2019ல் ஸ்டைடல் பதிப்பகத்திலிருந்து வந்திருக்கிறது, கையெழுத்தும் வெட்டி ஒட்டியதுமாக மூலத்தில் இருந்தபடியே. தயாநிதாவைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் 'மியூசியம் பவன்' படங்களில் தொடங்குகிறார்கள். நான் இதில்தான் தொடங்குவேன். 'மியூசியம் பவன்' ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் வேலை, இருபது வயதில் அதைப் பார்த்தால் மலைப்புதான் மிஞ்சும். டம்மி அந்த இருபதுகளிலேயே செய்தது, மாணவர்களிடம் இருக்கிற அதே கத்தரியாலும் கோந்தாலும்.